ஃபிரேம் தாங்கும், ஓட்டை தாங்காது: பழைய விக்டரி மாடலை .38 ஸ்பெஷலுக்கு மாற்றலாமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு அவருடைய மகள் சில சாமான்களை விற்றார். அதில் ஒரு பழைய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரை உரிமம் உள்ள கடை மூலமாக நான் வாங்கினேன். 5 அங்குலக் குழல், எண்ணுக்கு முன்னால் 'வி' என்ற எழுத்து, பிடியின் அடியில் ஒரு வளையம். குழலில் '.38 .767' என்றும் '3½ டன்ஸ்' என்றும் பொறித்திருக்கிறது. இதற்குரிய .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா எந்தக் கடையிலும் இல்லை, ஆன்லைனில் கிடைத்தால் விலை கண்ணைக் கட்டுகிறது. .38 ஸ்பெஷல் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. சுடும் மைதானத்தில் பழக்கமான ஒருவர், "இதே ஃபிரேமில்தான் கம்பெனி .38 ஸ்பெஷலும் செய்தது, ஃபிரேம் தாராளமாகத் தாங்கும், ரீமர் விட்டு அறையை நீளமாக்கினால் போதும், ஒரு மணி நேர வேலை" என்கிறார். செய்யலாமா? அது சரிவராது என்றால் 9 எம்எம்முக்காவது மாற்ற வழி உண்டா?

பதில்:

தம்பி, வேண்டாம். இரண்டுமே வேண்டாம்.

ஆனால் உங்கள் நண்பரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரேமைப் பற்றி, அதாவது குழலையும் சிலிண்டரையும் தாங்கும் இரும்பு உடலைப் பற்றி, அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த உண்மைதான் 70 வருஷமாக ஆட்களைத் தப்பான வேலைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. "ஃபிரேம் தாங்குமா?" என்று கேட்டு, "தாங்கும்" என்று பதில் வந்ததும் ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கும் ரீமரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தோட்டா வெடிப்பது ஃபிரேமுக்குள் இல்லை. சிலிண்டரில் இருக்கிற ஓட்டைக்குள், அறை என்கிறோமே அதற்குள், வெடிக்கிறது, அப்புறம் குண்டு குழல் வழியாகப் போகிறது. அந்த ஓட்டையும் குழலும் இந்தத் தோட்டாவுக்காகக் கடைந்தவையா என்பதுதான் முதல் கேள்வி. ஃபிரேம் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் கதையே நல்ல கதை. ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி 1899-இல் ஆரம்பித்த மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வரின் போர்க்காலப் பிள்ளை அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் பிரிட்டிஷ்காரர்கள் இந்தக் கம்பெனியிடம் 9 எம்எம் லைட் ரைஃபிள் ஒன்றைச் செய்யச் சொல்லிப் பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்தார்கள். அந்த ரைஃபிள் பிரிட்டிஷ் சோதனையில் தேறவில்லை. பணமும் செலவாகிவிட்டது. அதற்கு ஈடாக ரிவால்வர் செய்து தருகிறோம் என்று பேசி முடித்து, பிரிட்டிஷ் படைகளின் .38 தோட்டாவுக்கு (கூடு .38 எஸ் அண்ட் டபிள்யூவேதான்) ஏற்ப அனுப்பத் தொடங்கினார்கள். 1942-இல் எண்ணுக்கு முன்னால் 'வி' போட ஆரம்பித்தார்கள், வெற்றிக்கு வி. உங்களுடையது அந்த விக்டரி வரிசை. பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் போனவை பெரும்பாலும் 5 அங்குலக் குழலும் .38 எஸ் அண்ட் டபிள்யூ அறையும் கொண்டவை. அமெரிக்கக் கடற்படைக்குப் போனவை 4 அங்குலக் குழலும் .38 ஸ்பெஷல் அறையும் கொண்டவை. ஒரே தொழிற்சாலை, ஒரே ஃபிரேம். உங்கள் நண்பரின் வாதம் இங்கிருந்துதான் வருகிறது. கடற்படைத் துப்பாக்கி .38 ஸ்பெஷலைத் தாங்கியது, ஆகவே இதுவும் தாங்கும் என்கிறார். ஃபிரேமைப் பொறுத்தவரை மறுக்க முடியாத வாதம்.

இப்போது மைக்ரோமீட்டரை எடுங்கள்.

.38 எஸ் அண்ட் டபிள்யூ, .38 ஸ்பெஷல் என்று இரண்டுக்கும் பெயரில் 38 இருப்பதால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. .38 ஸ்பெஷலின் பித்தளைக் கூடு 1.155 அங்குல நீளம், விட்டம் 0.379 அங்குலம், அதில் உட்காரும் குண்டு 0.358 அங்குலத்துக்குள். .38 எஸ் அண்ட் டபிள்யூவின் கூடு 0.775 அங்குலம்தான் நீளம், ஆனால் விட்டம் 0.386, குண்டு 0.361. குட்டையானதுதான் பருமன். கூட்டில் ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்ததில் 7 பங்கு, அதாவது 0.18 மில்லிமீட்டர் வித்தியாசம். குண்டில் 3 பங்கு. லேத்தில் நின்றவனுக்கு ஆயிரத்தில் 7 பங்கு என்பது சின்ன எண் இல்லை. நான் கோயம்புத்தூர்ப் பட்டறையில் வேலை பழகிய காலத்தில் ஒரு புஷ்ஷில் இதில் பாதி விட்டுவிட்டு வந்திருந்தால் மேஸ்திரி அந்த ஜாபை என் தலையில் போட்டிருப்பார்.

சரி, ரீமர் என்ன செய்யும்? உங்கள் சிலிண்டரில் இருக்கிற ஒவ்வொரு அறையும் பின்பக்கம் அகலமாக, கூடு முடிகிற இடத்தில் ஒரு படி வைத்து, முன்பக்கம் குண்டின் அளவுக்குக் குறுகுகிறது. .38 ஸ்பெஷல் போட்டால் அந்தப் படியில் இடித்து நின்றுவிடும். ரீமர் அந்தப் படியை வெட்டி முன்னால் தள்ளுகிறது. இப்போது நெட்டைத் தோட்டா முழுசாக உள்ளே போகும், சிலிண்டர் மூடும், விசை இழுத்தால் வெடிக்கும். பார்ப்பதற்கு வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் பின்பக்க அகலம் அப்படியே இருக்கிறது. அங்கே ரீமரின் பல் எதையும் தொடவே இல்லை, தொட அங்கே இரும்பு இல்லை. தையல்காரர் லூசான சட்டையைப் பிடித்துத் தைத்துவிடுவார். கடைசல்காரனுக்கு அந்த வசதி கிடையாது. சின்ன ஓட்டையைப் பெரிதாக்கலாம், பெரிய ஓட்டையைச் சின்னதாக்க முடியாது. இந்தக் கேள்வியின் பாதி அதிலேயே தீர்ந்துவிட்டது.

சுடும்போது பித்தளைக் கூடு வீங்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஒட்டினால்தான் வாயு பின்னால் வராமல் அடைபடும், அழுத்தம் இறங்கியதும் கூடு சற்றே சுருங்கி வெளியே வரும். பித்தளை இதைச் செய்யும், ஓரளவுக்குத்தான் செய்யும். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் தள்ளி நின்றால் அது தேடிக்கொண்டு போகும், அடிப்பாகத்தில் தொப்பை விழும், பல சமயம் நீளவாக்கில் பிளக்கும். பிளந்தால் சூடான வாயு பின்பக்கம் வழிகிறது, உங்கள் கையும் கண்ணும் இருக்கிற பக்கம்.

என் மேசைக்கு இப்படி மாற்றிய ஒரு விக்டரி வந்தது. யார் மாற்றினார்கள் என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். ஆறு சுற்று சுட்டிருக்கிறார், சிலிண்டரை வெளியே தள்ளி, காலிக் கூடுகளை வெளியேற்றும் எஜெக்டர் கம்பியை அழுத்தினால் அசையவில்லை. காலி கூடுகளோடு அப்படியே கொண்டுவந்துவிட்டார். மரச் சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் எடுத்தேன். ஆறில் இரண்டு பிளந்திருந்தன. மற்ற நான்கும் அடியில் பெருத்து, முட்டை விழுங்கிய பாம்பு மாதிரி. அவர் கண்ணாடி போட்டிருந்தார், அதனால் ஒன்றும் ஆகவில்லை. கையில் மட்டும் சுருக்கென்று சுட்டதாகச் சொன்னார். நான் அந்தக் கூடுகளை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு யாராவது வந்தால் பேசுவதற்கு முன்னால் அதைத்தான் கையில் கொடுப்பது.

இது சிலிண்டர் கதை. குழல் கதை இன்னும் சுவாரஸ்யம், அதற்கு உலகப் புகழ் பெற்ற சாட்சி ஒன்று இருக்கிறது.

1963 நவம்பர் 22, டல்லஸ். கென்னடி சுடப்பட்ட அன்று, கொஞ்ச நேரம் கழித்து ஜே. டி. டிப்பிட் என்ற காவலர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். லீ ஹார்வி ஆஸ்வால்டிடம் பிடிபட்ட ரிவால்வர் எது தெரியுமா? உங்களுடையதன் கூடப்பிறந்தது. பிரிட்டனுக்காகச் செய்யப்பட்ட .38 எஸ் அண்ட் டபிள்யூ விக்டரி மாடல், அமெரிக்காவுக்கே திரும்பி வந்து, 5 அங்குலக் குழலை 2¼ அங்குலமாக வெட்டி, அறையை .38 ஸ்பெஷலுக்கு நீட்டி, தபாலில் 29 டாலர் 95 சென்ட்டுக்கு விற்கப்பட்ட சரக்கு. கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷன் முன்னால் எஃப்பிஐ நிபுணர் சாட்சி சொன்னபோது காலிக் கூடுகளைப் பற்றிச் சந்தேகமே இல்லாமல் சொன்னார், இந்தத் துப்பாக்கியில்தான் வெடித்தன என்று. குண்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. குழல் பழைய பருமனிலேயே இருந்தது, ஸ்பெஷல் குண்டு அதைவிட மெலிந்தது, ஆகவே உள்ளே ஒழுங்காகப் பிடிபடாமல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் போனது. எஃப்பிஐ அதே ரிவால்வரில் அடுத்தடுத்துச் சுட்டுப் பார்த்த குண்டுகளைக்கூட நுண்ணோக்கியில் ஒன்றோடொன்று பொருத்த முடியவில்லை. அந்த இடத்தைப் படித்து எத்தனையோ பேர் எத்தனையோ சதிக்கதை கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் தெரிவது ஒரு கடைசல் வேலை. அறையை மட்டும் வெட்டிவிட்டுக் குழலை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரசாங்கமே செலவு செய்து எடுத்த பரிசோதனை ரிப்போர்ட் அது.

உங்கள் பெட்டியில் இருப்பதற்கும் அதேதான் நடக்கும். குண்டு சுழலாமல் குறுக்காகப் போய்க் காகிதத்தில் சாவித்துவாரம் மாதிரி ஓட்டை போடும், குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும். சில துப்பாக்கிகளில் மென்மையான ஈயக் குண்டு பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் கொஞ்சம் பருத்து, ஏதோ பரவாயில்லாமல் சுடும், அதுவும் உண்மைதான். பத்தடி தூரத்தில் டின் டப்பா அடிக்கிறவருக்கு அது போதும். இன்னொன்று, குறி பார்க்க உதவும் உங்கள் முன்காட்சி குழலோடு சேர்ந்தது, மாற்ற முடியாது. மெதுவாகப் போகும் கனமான குண்டுக்காக உயரம் வைத்தது அது, முதலில் பிரிட்டிஷ் தோட்டாவில் 200 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு. லேசான, வேகமான குண்டைப் போட்டால் குறிக்குக் கீழே விழும்.

"அப்படியானால் ஆயிரக்கணக்கில் மாற்றினார்களே, எல்லாம் வெடித்ததா?" என்று கேட்பீர்கள். வெடிக்கவில்லை. 1950களிலும் 60களிலும் உபரித் துப்பாக்கி வியாபாரிகள் இதை மொத்தமாகச் செய்து விற்றார்கள், பலர் அதை ஆயுசு முழுக்க வைத்திருந்து செத்தும் போனார்கள். ஃபிரேம் நல்ல ஃபிரேம் என்பதால்தான் அது தாங்கியது. .38 எஸ் அண்ட் டபிள்யூவுக்கு இன்றைய அமெரிக்க உச்ச அழுத்தம் 14,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .38 ஸ்பெஷலுக்கு 17,000. பெரிய தாவல் ஒன்றும் இல்லை. அதனால் துப்பாக்கி கையில் சிதறாது. கூடு பிளக்கும், குண்டு வழி தவறும், எஜெக்டர் மக்கர் பண்ணும், ஒரு நல்ல சரித்திரச் சாமான் கெட்டுப் போகும். அவ்வளவுதான். அது போதாதா?

அழுத்தம் என்றதும் அந்த '3½ டன்ஸ்' நினைவுக்கு வருகிறது. அது பிரிட்டிஷ் சோதனைச் சாலையின் முத்திரை. போருக்குப் பின் அங்கே உபரியாக விற்றபோது சோதித்து அடித்தது. .767 என்பது பிரிட்டிஷ் கணக்கில் கூட்டின் நீளம், அங்குலத்தில். 3½ டன் என்பது சதுர அங்குலத்துக்கான அழுத்தம், அவர்கள் அளக்கும் முறையில். அதை 2,240-ஆல் (ஒரு பிரிட்டிஷ் டன்னுக்கு அத்தனை பவுண்டு) பெருக்கி நம் பிஎஸ்ஐயோடு ஒப்பிட்டுப் பதறாதீர்கள், அளக்கும் முறையே வேறு. ஆனால் அந்த முத்திரை ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. இந்த நீளக் கூட்டுக்கு இதைச் சோதித்தோம், வேறு எதற்கும் இல்லை. ரீமர் விட்ட நிமிஷத்திலிருந்து அந்த முத்திரை பொய்யாகிவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தோட்டாவின் நீளம் ஒரு பூட்டு. 1935-இல் .357 மேக்னம் வந்தபோது அதன் கூட்டை .38 ஸ்பெஷலைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டினார்கள். பழைய .38 ரிவால்வரில் யாராவது தெரியாமல் போட்டால் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. மேக்னத்தின் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ. அறைக்குள் இருக்கிற அந்தப் படிதான் பூட்டின் நாக்கு. ஒழுங்கில்லாத கையால் ரீமர் கொஞ்சம் ஆழமாகப் போனாலோ, பழைய கோல்ட் நியூ ஆர்மி ரிவால்வர்கள் சிலவற்றில் இருப்பது மாதிரி படியே இல்லாமல் நேராகத் துளைத்திருந்தாலோ, மேக்னமும் உள்ளே போகும். உங்களுக்குத் தெரியும், போட மாட்டீர்கள். உங்களுக்குப் பிறகு அதை எடுக்கிறவருக்கு? இந்த ரிவால்வருக்கு ஏற்கனவே 80 வயசு தாண்டிவிட்டது. உங்களையும் தாண்டி இருக்கும் அது.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். பிரிட்டிஷ் வெப்லி மார்க் 6, 1915-இல் வந்த .455 ரிவால்வர், நடுவில் மடங்கித் திறக்கும் ஜாதி. அதுவும் போருக்குப் பின் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக வந்தது. தோட்டா கிடைக்கவில்லை என்ற அதே புகார். சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, .45 ஏசிபி தோட்டாக்களை அரைநிலாக் கிளிப்பில் வைத்துப் போடும்படி மாற்றினார்கள். அங்கே ஓட்டையின் விட்டம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாதது பலம். .45 ஏசிபி 21,000 பிஎஸ்ஐ வரை போகும், .455 அதைவிட வெகு சாதுவான தோட்டா. கீல் வைத்த ஃபிரேம், மேலே ஒரு கொக்கி, மெல்லிய சிலிண்டர். தொழிற்சாலைத் தோட்டாவையே போட்டுப் போட்டு கீல் தளர்ந்தவை உண்டு, சிலிண்டர் பிளந்தவையும் உண்டு. அங்கே ஓட்டை சரி, ஃபிரேம் சரியில்லை. உங்களுடையதில் ஃபிரேம் சரி, ஓட்டை சரியில்லை. இரண்டு வேலையையும் செய்தவர்கள் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தார்கள்.

ஓட்டை, ஃபிரேம் இரண்டும் சரியாக இருந்தும் போதாமல் போன இடமும் உண்டு. 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸனே உங்கள் ஃபிரேம் அளவில் .357 மேக்னம் போட்டது. காவலர்கள் கொண்டாடினார்கள், இடுப்பில் கனம் குறைவு. அறையும் சரி, குழலும் சரி, ஃபிரேமும் நின்றது. ஆனால் அந்த அளவு ஃபிரேமுக்குள் இடம் பற்றாமல் குழலின் பின்நுனியில் அடிப்பக்கம் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தது, 125 கிரெய்ன் வேகத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டபோது சிலவற்றில் சரியாக அந்த இடத்தில் விரிசல் விட்டது. 1980 வாக்கில் கொஞ்சம் பெரிய எல் ஃபிரேமைக் கொண்டுவந்துதான் ஓய்ந்தார்கள். ஆலையிலேயே, வரைபடம் போட்டுச் செய்தும் இப்படி.

மாற்று வேலையே தப்பு என்று நான் சொல்லவில்லை, சொன்னால் என் பிழைப்பு என்னாவது. சொல்லப்போனால் '38' என்ற பெயரே மாற்று வேலையில் பிறந்ததுதான். 1870களில், தனித்தனியாக மருந்தும் குண்டும் திணிக்கிற பழைய .36 ரிவால்வர்களை உலோகத் தோட்டாவுக்கு மாற்றினார்கள், அப்போது வந்த அளவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் 0.358 குண்டை இன்றும் முப்பத்தெட்டு என்று கூப்பிடுகிறோம். நம் காலத்தில் நல்ல உதாரணம் வேண்டுமென்றால் மாடல் 28. பெரிய என் ஃபிரேமில் செய்த .357 அது. அதை .44 ஸ்பெஷலாக மாற்றிய நல்ல கைகள் அமெரிக்காவில் பல உண்டு. ஏன் அது சரி? புது ஓட்டை பழையதைவிடப் பெரியது, ஆகவே கடையும்போது பழைய சுவர் முழுசாகப் போய்ப் புதுச் சுவர் கிடைக்கிறது. குழலையும் கூடவே மாற்றுகிறார்கள். 35,000 பிஎஸ்ஐக்குப் பழகிய ஃபிரேமில் 15,500 பிஎஸ்ஐ தோட்டா போகிறது. காசு நிறைய ஆகும், ஆனால் வேலை ஒவ்வொரு படியிலும் நியாயமாக நிற்கிறது.

உங்களுடையதை நியாயமாகச் செய்ய வேண்டுமென்றால் அறைகளுக்குள் புஷ், அதாவது மெல்லிய உள்குழாய், அடிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். புஷ் உட்கார வேண்டுமானால் அறையை இன்னும் பெரிதாகக் கடைய வேண்டும். ஆறு அறை சிலிண்டரில், அதைச் சுழலாமல் நிறுத்தும் பூட்டு விழும் பள்ளங்கள் அறைகளுக்கு மேலேயே வருகின்றன, அந்த இடத்தில் இரும்பு ஏற்கனவே மெலிவு. அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. புது .38 ஸ்பெஷல் சிலிண்டர், புதுக் குழல் இரண்டையும் தேடிப் பிடித்துப் பொருத்தலாம், முடியும். அப்படிச் செய்து முடிக்கும்போது உங்களிடம் இருப்பது விக்டரி ஃபிரேமில் மாட்டிய ஒரு மாடல் 10. அதற்கு மாடல் 10-ஐயே வாங்கிவிடலாமே? உங்களுடையதன் நேர் வாரிசு அது, போலீஸ்காரர்கள் கழித்துவிட்ட பழையது இன்றும் அமெரிக்காவில் கிடைக்கிறது, பெரும்பாலும் இந்த மாற்று வேலைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே முடியும். .38 ஸ்பெஷல் சுட ஆசையிருந்தால் அதில் சுடுங்கள்.

9 எம்எம் பற்றி இரண்டே வரி. அதுவும் 35,000 பிஎஸ்ஐ, குண்டு 0.355, உங்கள் குழலுக்கு இன்னும் லூஸ். பேச்சே வேண்டாம்.

அப்போ இதை வைத்து என்னதான் செய்வது? முதலில், நீங்கள் மாற்றலாமா என்று கேட்கும் வேலையை யாராவது முன்பே செய்துவிட்டார்களா என்று பாருங்கள். துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, வெடிக்காத டம்மி .38 ஸ்பெஷல் தோட்டா ஒன்றை ஒவ்வொரு அறையிலும் விட்டுப் பாருங்கள், ஆறிலும். பாதிக்கு மேல் போய் இடித்து நின்றால் அறை அசல். முழுசாக விளிம்பு வரை உட்கார்ந்தால் ரீமர் பட்டுவிட்டது. பட்டிருந்தாலும் .38 எஸ் அண்ட் டபிள்யூவையாவது போடலாமா என்பதை ஒரு நல்ல கைக்காரர் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 5 அங்குலக் குழலும் வளையமும் அப்படியே இருப்பதால் உங்களுடையது அசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அசல் என்றால் சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பு உண்டு, ரீமர் விட்டதற்கு அந்த மதிப்பு கிடையாது.

தோட்டாவுக்கு, நீங்களே காலிக் கூட்டில் திரும்பக் கட்டக் கற்றுக்கொள்வதுதான் நிரந்தர வழி. .38 எஸ் அண்ட் டபிள்யூவுக்குப் புதுப் பித்தளைக் கூடு இன்றும் செய்கிறார்கள், அழுத்தம் குறைவு என்பதால் ஒரே கூடு பல தடவை உழைக்கும். 0.361 குண்டு வாங்குங்கள், ஸ்பெஷல் குண்டைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். அளவுகளை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், மைதானத்து நண்பரிடமிருந்து வேண்டாம், என்னிடமிருந்தும் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வெறும் 'வி' எண் கொண்டவற்றில் சுத்தியலைத் தடுக்கும் பழைய வகைப் பாதுகாப்புத் தகடுதான் இருக்கும். பழைய கிரீஸ் கெட்டிப்பட்டால் அது சிக்கிக்கொள்ளும். 1944 கடைசியில் ஒரு விக்டரி கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார், அதற்குப் பிறகுதான் கம்பெனி புது வகைத் தகடு போட்டு, எண்ணோடு 'எஸ்' சேர்த்தது. உங்கள் எண்ணில் எஸ் இல்லையென்றால் ஐந்து தோட்டா மட்டும் போடுங்கள், சுத்தியலுக்கு நேரே இருக்கும் அறை காலியாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் 80 வருஷத்துக் கிரீஸையும் ஒரு தடவை சுத்தம் பண்ணிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் பதிலைப் பார்த்துவிட்டுக் கான்பூர் .32 ரிவால்வரோடு யாராவது லேத் பட்டறைக்குக் கிளம்பிவிடக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்குமே தனி உரிமம் வேண்டும், வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. அங்கே இது இரும்புக் கணக்கு இல்லை, ஜெயில் கணக்கு.

டம்மி தோட்டாவை விட்டுப் பார்த்துவிட்டு ஆறு அறையிலும் என்ன ஆனது என்று எழுதுங்கள். முடிந்தால் எண்ணின் முன்னெழுத்தையும் பிடியின் மரத் தகட்டைக் கழற்றி உள்ளே ஏதாவது பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஆலைக்குத் திரும்பிப் போய் அந்தப் பாதுகாப்புத் தகடு மாறியிருந்தால் அங்கேயும் ஓர் எஸ் இருக்கலாம்.